ஆனியில் பழுது, தையில் பழுது

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் வெளியில் நிற்கும் காற்றாலைகளுக்கு வைகாசி முதல் புரட்டாசி வரைதான் உழைப்புக் காலம். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாயில் நெருக்குண்டு, விரைவு கூடிக் கிழக்கே பாய்கிறது. குற்றாலத்தில் சாரலை உதிர்த்துவிட்டு ஈரம் வற்றி இவ்வூரை அடைகிறது. ஆடித்தபசுக்கு வரும் கூட்டத்தின் மீது புழுதியை வாரி இறைக்கும் அந்தக் காற்றுதான் இறக்கைகளையும் சுழற்றுகிறது.

காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகம் 10 விழுக்காடு தணிந்தால் ஆற்றல் 27 விழுக்காடு குறையும்; வேகம் இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவே ஆண்டு வருவாயின் பெரும்பகுதி சில மாதங்களிலேயே குவிந்துவிடுகிறது. இடரை அளக்க வருபவர் இயந்திரத்தின் விலையைக் கேட்குமுன் நாட்காட்டியைப் பார்க்கவேண்டும் என்பேன்.

கியர்பாக்ஸ் எனப்படும் பல்சக்கரப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். இறக்கைகள் நிமிடத்துக்குப் பதினைந்து இருபது சுற்றுகளே சுழல்கின்றன. மின்னாக்கிகள் பலவற்றுக்கோ 1,500 சுற்றுகள் வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பும் பற்கள் ஓயாமல் சுமை தாங்குகின்றன. ஒரு பல்லின் முகத்தில் ஊசிமுனையளவு குழி விழும். அதிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள் எண்ணெயில் கலந்து அடுத்த பல்லையும் தாங்குருளையையும் அரிக்கும். பெட்டி உடைந்தால், அதை இறக்கிவைக்க உயரமான கிரேன் வந்து சேரவேண்டும். தை மாதத்தில் இது செலவு மட்டுமே. ஆனியில் நேர்ந்தால், பழுது நீங்குமுன் காற்றுப் பருவமே கடந்துவிடக்கூடும்.

காப்பீட்டு முறிகள் இதைத் துண்டு துண்டாகப் பார்க்கின்றன. தீ, மின்னல், புயல் ஒரு முறியில் அடங்கும். திடீரென நேரும் உட்பழுதுக்கு இயந்திரப் பழுதுக் காப்பீடு உண்டு. ஆலை நின்ற நாட்களின் வருவாயோ, வருவாய் இழப்புக் காப்பீட்டைத் தனியே எடுத்தவர்க்கே கிட்டும். அதிலும் தொடக்க நாட்கள் சில உரிமையாளர் பொறுப்பு. மெல்லத் தேய்ந்ததற்குப் பொதுவாக ஈடில்லை. இழப்பீடு கோரும்போது மதிப்பீட்டாளர் பராமரிப்பேட்டையும் எண்ணெய்ச் சோதனை அறிக்கைகளையும் கேட்பது இதனால்தான். பருவம் தொடங்குமுன் எண்ணெயில் ஒரு குப்பி எடுத்துச் சோதிப்பது எவ்வளவு மலிவான காவல்! இறக்கை வாங்கிய மின்னலைத் தரைக்கு இறக்கும் கம்பிகளின் மின்தடையையும் அப்போதே அளந்துவிடவேண்டும். மண் வறண்டு மின்தடை கூடும் சித்திரையில்தான் கோடை இடியும் வருகிறது.

முறிகள் எட்டாத இடர் ஒன்று எஞ்சுகிறது. இயந்திரம் நலமாயிருக்கும், காற்றும் வலுத்திருக்கும். ஆயினும் மின்தொகுப்பு தாங்காதெனச் சுழலியை நிறுத்தச் சொல்வார்கள். பொருள் எதுவும் உடையாததால் வழக்கமான காப்பீடு இதற்குப் பொருந்தாது. தங்கள் தேவைக்கெனக் காற்றாலை நிறுவிய நூற்பாலைகளுக்கு இவ்விழப்பு நேரடியானது. இதைக் குறைக்க வல்லவை கூடுதல் மின்தடங்களும், மறுநாள் காற்றை முன்கூட்டிச் சொல்லும் கணிப்பும். கயத்தாற்றில் சுழலிகளைச் சோதித்துவரும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் அக்கணிப்பிலும் ஈடுபட்டுள்ளது.