எளியவர் கைக்கெட்டும் கோர்வெற்

1953ஆம் ஆண்டு சனவரி மாதம் நியூயோர்க் நகரில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் நடத்திய கண்காட்சியிலே இருவர் மாத்திரம் அமரத்தக்க வெள்ளை நிறத் திறந்த கார் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதுவே செவ்ரோலெற் கோர்வெற். அவ்வாண்டு யூன் மாத இறுதியில் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகரில் அதன் உற்பத்தி தொடங்கியது. ஆண்டு முடிவிற்குள் முந்நூறு வண்டிகளே பெரும்பாலும் கைவேலையாகச் செய்து முடிக்கப்பட்டன. உடலோ இரும்புத் தகடன்று. கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்த பைபர்கிளாஸ். தோற்றத்தில் விரைவு இருந்ததேயன்றி ஓட்டத்தில் இல்லை. ஆறு சிலிண்டர்களும் 150 குதிரைவலுவும் கொண்ட இயந்திரத்துடன் இரண்டே கதிகளையுடைய தானியங்கிக் கியர் பூட்டப்பட்டிருந்தது. 1955இல் எட்டுச் சிலிண்டர் இயந்திரம் வந்த பின்னரே, சோரா ஆர்க்கஸ் டன்ரொவ் என்னும் பொறியியலாளரின் விடாமுயற்சியினால், அது மெய்யான விளையாட்டுக் காராயிற்று.

அந்த முதல் பத்தாண்டு வண்டிகளும், பின்கண்ணாடி இரு கூறாய்ப் பிரிந்திருந்த 1963ஆம் ஆண்டு மாதிரியும் இன்று செல்வந்தரின் பெட்டகப் பொருள்கள். மாதச் சம்பளத்தில் வாழும் அமெரிக்கர் ஒருவர் கோர்வெற் வாங்க விரும்பின் அவர் நாடவேண்டியது 1968 முதல் 1982 வரை வெளிவந்த மூன்றாந் தலைமுறையை. அதிலும் 1973க்குப் பிற்பட்ட வண்டிகளை. 1979இல் மாத்திரம் 53,807 வண்டிகள் செய்யப்பட்டன. அரிய பொருள் அன்று; ஆதலின் விலையும் ஏறவில்லை.

விலை ஏறாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1969இல் மிகப் பெரிய இயந்திரம் ஒன்றிற்கு 435 குதிரைவலு என்று விளம்பரம் செய்யப்பட்டது. 1975இன் சாதாரண இயந்திரத்திற்கோ 165 மாத்திரமே. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வலுவைக் குறைத்தது உண்மையே. ஆனால் இவ்விரண்டு எண்களும் ஒரே கோலால் அளந்தவையல்ல. முன்னைய அளவு, வண்டியிற் பூட்டும் துணைக்கருவிகளும் புகைக்குழாய் அமைப்பும் இன்றி இயந்திரத்தைத் தனியே ஓட்டிப் பெற்றது; 1972 முதல் வெளியிடப்பட்ட அளவு அவையெல்லாம் பூட்டிய நிலையிற் பெற்றது. காகிதத்தில் தோன்றும் வீழ்ச்சி தெருவில் அவ்வளவு பெரிதாய்த் தோன்றுவதில்லை. அப்படியும் சேகரிப்போர் அந்த வண்டிகளைப் புறக்கணிப்பர். அந்தப் புறக்கணிப்பே எளியவரின் வாய்ப்பு.

சேகரிப்போர் பெரிதும் போற்றுவது எண் பொருத்தம். இயந்திரத்திற் பொறித்த எண்ணும் அடிச்சட்டத்தின் எண்ணும் ஒன்றுக்கொன்று இசைந்து, தொழிற்சாலையிற் பூட்டிய அதே இயந்திரம் இன்றும் இருத்தல் வேண்டும் என்பர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டி மகிழ விரும்புபவருக்கு இதனால் ஆவதொன்றில்லை. இயந்திரம் மாற்றப்பட்ட வண்டி மலிவாகக் கிடைக்கும், ஓட்டத்திலோ குறையிராது. செவ்ரோலெற்றின் சிறிய எட்டுச் சிலிண்டர் இயந்திரம் எண்ணற்ற கார்களிலும் லொறிகளிலும் பூட்டப்பட்டமையால் உதிரிப்பாகங்கள் எங்கும் மலிவு.

மெய்யான ஆபத்து வேறோரிடத்திற் பதுங்கியிருக்கிறது. பைபர்கிளாஸ் கறள் பிடிக்காது என்பதைக் கேட்டு வாங்குபவர் மனம் ஆறுதலடைவார். ஆனால் அந்த உடலின் உள்ளே, பயணிகள் அமரும் பகுதியைச் சுற்றி, பறவைக் கூடு போன்ற உருக்குச் சட்டம் ஒன்று உண்டு. முன்கண்ணாடியின் ஓரங்களில் நீர் கசிந்தால் அந்தக் கூடு உள்ளிருந்தே அரிக்கப்படும். வெளியே பூச்சு பளபளவென்றிருக்கும்; உள்ளே எலும்பு உதிர்ந்து கொண்டிருக்கும். அடிச்சட்டமும் பின்சில்லுகளுக்குச் சற்று முன்னே மேல்நோக்கி வளையும் இடத்திற் சேறும் உப்பும் தங்கிக் கறளேறும். பனிக்காலத்தில் தெருவுக்கு உப்புத் தூவும் வட மாநிலங்களில் ஓடிய வண்டியென்றால் ஐயமே வேண்டா, முதலிற் பார்க்கவேண்டியது இந்த இடம். கைவிளக்கும் சிறு திருப்புளியும் எடுத்துக்கொண்டு வண்டிக்கடியிற் படுத்துப் பார்க்க ஒருவர் நாணினால் அவருடைய சேமிப்பு முழுவதும் பின்னர் கராஜில் கரைந்துபோகும். கூட்டைச் செப்பனிட உடலையே கழற்ற நேரும். அதற்கான கூலி வண்டியின் விலையை எளிதில் விஞ்சிவிடும். பாதி கழற்றிய நிலையிற் பல்லாண்டு கிடந்து, வாங்கியதிலும் குறைந்த விலைக்கு விற்கப்படும் வண்டிகள் பலவற்றின் கதை இதுவே.

மற்றக் குறைகள் தாங்கத்தக்கவை. பிறேக் உருளைகளின் உட்சுவர் அரித்து எண்ணெய் கசிவது இவ்வண்டிகளின் பழைய நோய். துருப்பிடியா உருக்குக் குழல் செருகிய உருளைகளை மாற்றினால் தீரும். முன்விளக்குகளை உயர்த்துவது காற்று உறிஞ்சும் குழாய்கள். அவை வெடித்தால் ஒரு கண் திறந்து மறு கண் மூடியிருக்கும். ரயரின் நூல் தேயாதிருப்பினும் பக்கத்திற் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் படித்தல் வேண்டும். முதலிரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பன. அத்தகைய இலக்கங்கள் இல்லையெனில் அந்த ரயர் 2000ஆம் ஆண்டிற்கு முந்தியது. அதை நம்பி வேகமாய் ஓடுதல் தகாது. கலிபோர்னியாவில் வசிப்பவர் இன்னொன்றும் நினைவிற் கொள்வர்: 1975 வரையான மாதிரிகளுக்கு அங்கே புகைச் சோதனையில்லை, 1976 முதல் உண்டு.

1984 முதல் 1996 வரை வந்த நான்காந் தலைமுறை இன்னும் மலிவு. வளைவுகளில் உறுதியாய் நிற்கும். ஏறி இறங்கத்தான் முழங்கால் நல்லதாயிருக்கவேண்டும். 1992 முதலான இயந்திரங்களில் மின்பொறிப் பங்கீட்டுக் கருவி நீரிறைக்கும் பம்புக்குக் கீழே அமைந்திருத்தலின், பம்பு ஒழுகினால் அதுவும் கெடும். இப்படியொரு பொருளை அப்படியோரிடத்தில் வைத்தவர் யாரென்று மெக்கானிக்குகள் இன்றும் கேட்பர்.

வாங்கியபின் வண்டியைப் போர்த்து மூடி வைத்தலே அதற்குச் செய்யும் பெருந்தீங்கு. ஓடாத வண்டியில் இறப்பர் வளையங்கள் காயும். எதனோல் கலந்த பெற்றோல் நெடுநாள் தங்கிப் பழைய குழாய்களைக் கெடுக்கும். எனவே வாரமொருமுறையேனும் பெருந்தெருவை விட்டுக் கிராமத்து வழிகளில் அதைச் செலுத்துவர். மூன்றாந் தலைமுறை வண்டியிற் கூரையின் இரு பலகைகளையும் கழற்றிப் பின்னே வைத்துவிட்டால், பெட்டிகளுக்கு இடமே இராது. பெரும்பாலான வண்டிகளிற் பின்மூடியென்று ஒன்றும் இல்லை. சாமான்களை இருக்கைகளுக்கு மேலாகவே உள்ளே தள்ளவேண்டும். இயந்திரத்தின் சூடு பாதங்களைத் தாக்கும். மழை வந்தால் பலகைகளை மீண்டும் பூட்டினாலும் இணைப்பினூடே இரண்டொரு துளி தோளில் விழும். உரியவர்கள் ஒரு துவாயை இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு புறப்படுகின்றனர்.