போக்கர் சீட்டாட்டத்தில் நிகழ்தகவும் சாதக விகிதமும்: வேற்றுமை உருபுகள் வழி ஒரு விளக்கம்

முன்னுரை

போக்கர் திறனைச் சார்ந்த ஆட்டமா, வாய்ப்பைச் சார்ந்த ஆட்டமா என்னும் வினா அண்மையில் தமிழ்நாட்டின் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் எழுந்தது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகள் என வகைப்படுத்தியது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அவ்வகைப்பாட்டை ஏற்க மறுத்தது. இவ்விவாதத்தின் மையச் சொல்லாகிய 'வாய்ப்பு' எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதையும், அவ்வளவைத் தமிழில் பிழையின்றிக் கூறும் முறையையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

'இல்' உருபும் 'கு' உருபும்

நிகழ்தகவு என்பது சாதகமான நிகழ்வுகளுக்கும் நிகழக்கூடிய அனைத்து நிகழ்வுகளுக்கும் உள்ள விகிதம். சாதக விகிதம் என்பது சாதகமான நிகழ்வுகளுக்கும் பாதகமான நிகழ்வுகளுக்கும் உள்ள விகிதம். அதனையே தலைகீழாகக் கூறின் பாதக விகிதம் ஆகும். முன்னது பகுதியை முழுமையோடு ஒப்பிடுகிறது. பின்னது பகுதியைப் பகுதியோடு ஒப்பிடுகிறது. இவ்வேறுபாட்டைக் காட்டும் கருவி தமிழில் முன்பே உள்ளது. 'ஐந்தில் ஒன்று' என்னும்போது 'இல்' உருபு இடப்பொருள் உணர்த்த, ஐந்து என்னும் முழுமைக்குள் ஒன்று அடங்குகிறது. 'நான்குக்கு ஒன்று' என்னும்போது நான்கும் ஒன்றும் எதிரெதிரே நிற்கின்றன. நான்காம் வேற்றுமையின் பொருள்களுள் பகையையும் ஒன்றாக நன்னூல் வைத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது. இரு தொடர்களும் ஒரே செய்தியையே கூறுகின்றன. 'நான்கில் ஒன்று' என உருபு மாறினாலோ 20 விழுக்காடு 25 விழுக்காடாகிவிடும். பணயம் வைத்தவனுக்கு இது சிறு பிழையன்று.

52 சீட்டுகளிலிருந்து இரண்டினை 1,326 வகையாக எடுக்கலாம். அவற்றுள் இரண்டும் ஏஸாக அமைவன 6. ஆகவே நிகழ்தகவு 221இல் 1. பாதக விகிதம் 220க்கு 1. ஐந்து சீட்டுகளை எடுக்கும் வகைகளோ 25,98,960. போக்கரின் தரவரிசை இவ்வெண்ணிக்கையிலிருந்தே பிறக்கிறது. ஒரே சின்னத்தில் அமையும் ஃபிளஷ் 5,108 வகை. தொடர் எண்களாக அமையும் ஸ்ட்ரெயிட் 10,200 வகை. அரிதானது உயர்ந்தது என்பதே விதி.

பானையும் விலையும்

டெக்சாஸ் ஹோல்டம் என்னும் வகையில் ஒவ்வொருவர் கையிலும் இரு மறைசீட்டுகள் இருக்கும். மேசையில் ஐந்து பொதுச் சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். ஒருவர் கையில் இரண்டு ஆர்ட்டின் சீட்டுகள் உள்ளன. திறந்த நான்கிலும் இரண்டு ஆர்ட்டின் என்க. இன்னும் ஓர் ஆர்ட்டின் வந்தால் ஃபிளஷ் அமையும். அவர் கண்டவை 6 சீட்டுகள், காணாதவை 46. காணாதவற்றுள் ஆர்ட்டின் 9. எனவே நிகழ்தகவு 46இல் 9, அதாவது ஏறத்தாழ 19.6 விழுக்காடு, பாதக விகிதம் 37க்கு 9.

எதிராளியின் கையிலுள்ள இரு சீட்டுகளை ஏன் கழிக்கவில்லை என்று வினவலாம். அவை மேசைக்கு வரமாட்டா என்பது உண்மையே. ஆயினும் அவை எவை என்று ஆடுபவர் அறியார். அறியாதவரை அவையும் காணாத 46இல் அடங்கும். நிகழ்தகவு சீட்டின் இயல்பை அளப்பதன்று, ஆடுபவரின் அறிவெல்லையை அளப்பது என்பதற்கு இதனினும் எளிய சான்று கிடைப்பது அரிது.

இனிப் பணயத்தை நோக்குவோம். பானை எனப்படும் பொதுப் பணயம் 100 ரூபாய். எதிராளி 50 ரூபாய் வைக்கிறார். ஆட்டத்தில் தொடர வேண்டுமாயின் 50 செலுத்தி 150ஐ நாடவேண்டும். ஃபிளஷ் அமைந்தால் வெற்றி, இல்லையேல் தோல்வி, பின்னர்ப் பணயம் இல்லை எனக் கொள்வோம். 46 முறையில் 9 முறை 150 பெற்று 37 முறை 50 இழந்தால், வரவு 1,350, இழப்பு 1,850. சராசரியாக ஒரு முறைக்கு 10.87 ரூபாய் நட்டம். எதிராளி வைத்தது 20 மட்டுமே எனில் வரவு 1,080, இழப்பு 740. சராசரி ஆதாயம் 7.39 ரூபாய். சீட்டுகள் மாறவில்லை, நிகழ்தகவும் மாறவில்லை. விலை மட்டுமே மாறியது. பானை தரும் விகிதத்தைப் பாதக விகிதத்தோடு ஒப்பிடுவதே ஆட்டத்தின் அடிப்படைக் கணக்கு. வெற்றியையும் இழப்பையும் எண்களாக எதிரெதிர் நிறுத்திப் பேசும் குறள் சூது அதிகாரத்தில் உண்டு என்பது தமிழ் மாணவர் அறிந்ததே.

திறன், வாய்ப்பு, கழிவு

எந்தச் சீட்டு வரும் என்பது வாய்ப்பு; எந்த விலைக்குத் தொடர்வது என்பது திறன். இரண்டும் ஒரே ஆட்டத்தில் இருப்பதால் 'திறனா, வாய்ப்பா' என்று பிரித்துக் கேட்பதே குறையுடைய வினா என்பது இக்கட்டுரையாளர் கருத்து. திறன் வெளிப்பட நெடுங்காலம் வேண்டும். மேற்கண்ட 20 ரூபாய் முடிவு சரியானதே. எனினும் அத்தகைய பத்து முடிவுகளும் அடுத்தடுத்துத் தோல்வியில் முடிய 11 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்புண்டு. ஒன்பது முறை தோற்றவருக்குப் பத்தாம் முறை சீட்டு கடன்பட்டதும் இல்லை. ஒவ்வொரு முறையும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுகிறது.

வழக்குகளில் அதிகம் பேசப்படாத மற்றொன்று, ஆட்டத்தை நடத்துவோர் பானையிலிருந்து எடுக்கும் கழிவு. ஆடுவோரின் ஆதாயமும் இழப்பும் தமக்குள் ஈடாகும். கழிவு புகுந்தபின் அனைவரின் கூட்டுத்தொகையும் இழப்பே. நம் எடுத்துக்காட்டில் 140 ரூபாய்ப் பானையில் 5 விழுக்காடு கழிவு எனக் கொண்டால், வென்றவர் பெறுவது 120 அன்று, 113. சராசரி ஆதாயம் 7.39இலிருந்து 6.02 ஆகக் குறைகிறது. விளிம்பில் நிற்கும் பல முடிவுகள் இவ்வாறே நட்டத்தின் பக்கம் சாய்கின்றன. இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடைசெய்த 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் திறன், வாய்ப்பு என்னும் பாகுபாட்டையே கருதவில்லை. பணயம் உண்டா என்பதை மட்டுமே நோக்குகிறது.