காடிக்குக் குளிர்ந்த மூச்சு வேண்டுமா?

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்திற்கு ஏறக்குறைய 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறோம். 1.3 லிட்டர் இயந்திரம் கொண்ட ஒரு மைவி எவ்வளவு காற்றைச் சுவாசிக்கும்? நான்கு வீச்சு இயந்திரம் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை தன் கொள்ளளவு முழுவதையும் நிரப்பிக்கொள்ளும். நிமிடத்திற்கு 4,000 சுழற்சி என்றால் 2,000 முறை நிரம்ப வேண்டும். 2,000 பெருக்கல் 1.3. அதாவது 2,600 லிட்டர். நடைமுறையில் முழுதாக நிரம்புவதில்லை என்றாலும் 2,000 லிட்டருக்குக் குறையாது. பெட்ரோலுக்குப் பணம் கட்டுகிறோம், அதனால் அதைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். காடி ஓடுவது பெரும்பாலும் காற்றில்தான்.

இந்தக் கணக்கை நான் போட வேண்டி வந்ததற்குக் காரணம் என் தம்பி. எஸ்.பி.எம். எழுதி முடித்து, ஈப்போவில் ஒரு கடையில் மூன்று மாதம் வேலை செய்து சேர்த்த காசில், அப்பாவின் பழைய மைவிக்கு 'கோல்ட் ஏர் இன்டேக்' மாட்டப்போவதாக அறிவித்தான். தொழிற்சாலை வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியையும் அதனுள் இருக்கும் காகித வடிகட்டியையும் கழற்றிவிட்டு, ஒரு அலுமினியக் குழாயும் கூம்பு வடிவ வடிகட்டியும் பொருத்துவதுதான் அது. "பிக்கப் கூடும்கா, எண்ணெயும் மிச்சமாகும்" என்றான்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே காடி. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, முன்பு கித்தாத் தோட்டமாக இருந்து இப்போது வரிசை வீடுகளாகிவிட்ட இடத்தில் குடியிருக்கிறோம். அப்பா தினமும் காலை ஆறு மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓட்டி ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறார். காடி நின்றால் அன்றைய சம்பளமும் நின்றுவிடும். அதனால் அப்பா ஒரே நிபந்தனை போட்டார். சனிக்கிழமை கழற்றலாம், திங்கட்கிழமை காலை ஓட வேண்டும், மாமா பக்கத்தில் இருக்க வேண்டும். மாமா ஈப்போவில் இருபது ஆண்டுகளாகப் பட்டறையில் ஃபோர்மன்.

மாமா வந்ததும் தம்பி வாங்கிவைத்த குழாயைப் பார்க்கவில்லை. முன்மூடியைத் திறந்து, பழைய பெட்டியின் மூக்கு எங்கே போகிறது என்று என்னைப் பார்க்கச் சொன்னார். "காத்து எங்கேர்ந்து வருதுன்னு மொதல்ல பாரும்மா. அப்புறம் மாத்துறதப் பத்திப் பேசுவோம்." பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மூக்கு முன்பக்கம் நீண்டு, விளக்குக்குப் பின்னால் வெளிக்காற்று வரும் இடைவெளியில் போய் நின்றது. இது எங்கள் காடிக்கு மட்டும் உரியதல்ல. பல கார்களில் தொழிற்சாலை அமைப்பே வெளியிலிருக்கும் குளிர்ந்த காற்றைத்தான் இழுக்கிறது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

குளிர்ந்த காற்று ஏன் வேண்டும்? நான்காம் படிவ இயற்பியலில் வாயு விதிகளைப் படித்திருப்பீர்கள். அழுத்தம் மாறாதபோது வாயுவின் கொள்ளளவு அதன் முழுமை வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது சார்லஸ் விதி. 35 பாகை செல்சியஸ் என்றால் 308 கெல்வின்; 60 பாகை என்றால் 333 கெல்வின். 333-ஐ 308-ஆல் வகுத்தால் 1.08. அதாவது, இயந்திரம் இழுக்கும் காற்று 60 பாகையிலிருந்து 35-க்குக் குறைந்தால், அதே சிலிண்டருக்குள் 8 விழுக்காடு கூடுதல் காற்று அடங்கும். காற்று கூடினால் கணினி அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டும், விசை கூடும். காற்று மிகவும் சூடாக இருந்தால் இன்னொரு இழப்பும் உண்டு. 'நாக்கிங்' எனப்படும் தட்டல் வராமல் இருக்க, கணினி தீப்பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும். அதிலும் விசை குறையும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த விதி வீட்டு வாசலில் இப்படி வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆக, கேள்வி இதுதான்: புதிய வடிகட்டிக்குக் கிடைக்கும் காற்று பழைய பெட்டிக்குக் கிடைத்ததைவிடக் குளிர்ந்ததா? யூகிக்க வேண்டாம், அளந்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். மீன் தொட்டிக்கு வைக்கும் மலிவான மின்னணு வெப்பமானி ஒன்று வாங்கினோம். அதன் முனையை, இயந்திரம் உள்ளே இழுத்துவிடாதபடி வடிகட்டிக்கு வெளியே, காற்று நுழையும் வாயருகே கட்டினோம். கம்பியை முன்மூடியின் ஓரமாகக் கொண்டுவந்து சன்னல் வழியே உள்ளே எடுத்தோம். மாமா ஓட்ட, பக்கத்தில் இருந்து நான் எண்களை எழுதினேன். வெளியே நிழலில் 33 பாகை.

பழைய பெட்டி: ஓடும்போது 36, பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டால் 44.

புதிய கூம்பு வடிகட்டி, மறைப்பு எதுவும் இல்லாமல்: ஓடும்போது 45, நிற்கும்போது 61.

தம்பியின் முகம் வாடிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய 'குளிர்ந்த காற்று', இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்ததைவிட 9 பாகை சூடு. கணக்குப் போட்டால், ஓடும்போதே ஏறக்குறைய 3 விழுக்காடு காற்றை இழந்திருந்தோம். வடிகட்டி இயந்திர அறைக்குள் திறந்து கிடக்கிறது, ரேடியேட்டரைக் கடந்து வரும் சூட்டைத்தானே அது குடிக்கும்?

ஆனால் சத்தம் மாறியிருந்தது, அதுவும் கம்பீரமாக. எண்ணெயை மிதித்தால் உறுமியது. காடி வேகமாகிவிட்டதாக எனக்கே தோன்றியது! தொழிற்சாலைப் பெட்டியோடு ஒட்டி ஒரு வெற்று அறை இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட ஒலி மட்டும் எழுகிறதே, அதே தத்துவத்தில் சில ஒலிகளை விழுங்குவதற்காக வைக்கப்பட்ட அறை அது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு அறை என்பார்கள். அதைக் கழற்றினால் ஒலி வெளியே வரும், விசை வராது. இந்தப் பொருளை வாங்கும் பலர் உண்மையில் வாங்குவது அந்த உறுமலைத்தான் என்பது என் எண்ணம். பிடித்திருந்தால் வாங்கட்டும். ஆனால் 'எண்ணெய் மிச்சம்' என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை. சாதாரணமாக ஓட்டும்போது காற்றைத் தடுத்து நிறுத்துவது வடிகட்டியே அல்ல, நம் காலுக்குக் கட்டுப்பட்ட திராட்டில் தகடு. அது பாதி மூடியிருக்கும்போது வடிகட்டி எவ்வளவு தாராளமாக இருந்து என்ன?

மதியத்திற்கு மேல் மாமா அலுமினியத் தகட்டில் ஒரு மறைப்பு வெட்டினார். மூன்று பக்கமும் சுவர்போல நின்று இயந்திரச் சூட்டைத் தடுக்கும். நான்காவது பக்கம் பழைய மூக்கு இருந்த இடைவெளியை நோக்கித் திறந்திருக்கும். தகட்டின் விளிம்பு கம்பிகளை அறுக்காமலிருக்க ரப்பர் பட்டை ஒட்டினார்.

இங்கே ஒரு கித்தாக் கதை. 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட முதல் கித்தா மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது, எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. தாத்தா வாழ்நாள் முழுதும் பால் வெட்டியவர். அவர் வெட்டிய கித்தா இந்தக் குழாய்களில் இருக்குமா என்று தம்பி கேட்டான். இருக்காது. இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிவிடும், சூட்டில் நாளடைவில் வெடித்துவிடும். அதனால் இயந்திர அறைக் குழாய்களுக்குச் செயற்கை ரப்பரையோ சிலிக்கோனையோ பயன்படுத்துகிறார்கள். "டயர்ல இருக்குடா, அங்க தாத்தா இருக்காரு" என்றார் மாமா.

பொருத்தும் வேலை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். இயந்திரம் முழுதாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். பெட்டியை எடுத்ததும் திராட்டில் வாய் திறந்து கிடக்கும். அதைச் சுத்தமான துணியால் மூடினார் மாமா, ஒரு சின்னத் திருகாணி உள்ளே விழுந்தாலும் இயந்திரம் போயிற்று. எத்தனை துணி வைத்தோம் என்பதையும் எண்ணி வைக்கச் சொன்னார், மூடும்போது எடுக்க மறக்கக்கூடாதல்லவா. பழைய குழாயில் செருகியிருந்த வெப்ப உணரியும், இயந்திரத்தின் மூச்சுக்குழாயும் புதிய குழாயில் அதற்குரிய துளைகளில் இறுக்கமாக உட்கார வேண்டும். சில கார்களில் காற்றின் அளவை நேரடியாக அளக்கும் உணரி இந்தக் குழாயிலேயே இருக்கும். அப்படியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. உணரிக்குப் பின்னால் எங்காவது காற்று கசிந்து நுழைந்தால் கணினிக்குத் தெரியாமல் அந்தக் காற்று உள்ளே போகும், கலவை கெடும், எச்சரிக்கை விளக்கு எரியும். எண்ணெய் தடவும் வகை வடிகட்டியில் அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினால் அது பறந்து போய் அந்த உணரியில் படிந்துவிடும். எல்லாம் முடிந்ததும் முன்மூடி இடிக்காமல் மூடுகிறதா, இயந்திரம் குலுங்கும்போது குழாய் எதன் மீதும் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, ஆறிய பிறகு வளையங்களை மறுபடி முறுக்க வேண்டும்.

வடிகட்டியை இன்னும் கீழே, பம்பருக்குப் பின்னால் இறக்கினால் இன்னும் குளிர்ச்சியாக இருக்குமே என்றான் தம்பி. உண்மைதான். ஆனால் மழைக்காலத்தில் நம் சாலைகளை நினைத்துப் பாருங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் வெள்ளத்தில் மூழ்கிய கார்களை யாரும் மறந்திருக்க முடியாது. அவ்வளவு வெள்ளம் கூட வேண்டாம். 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர் என்றால் ஒன்றுக்கு 325 மில்லிலிட்டர். அமுக்க விகிதம் பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் வெறும் 36 மில்லிலிட்டர். இரண்டரை மேசைக்கரண்டி அளவுதான். அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போனால், காற்றைப்போல அதை அமுக்க முடியாது. பிஸ்டன் முட்டும், இணைப்புத் தண்டு வளையும். வடிகட்டியை மேலேயே வைத்தோம்.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிம்பாங் பூலாய் பக்கம் போனால் கல்லுடைப்பு லோரிகள் கிளப்பும் வெள்ளைத் தூசியைப் பார்த்திருப்பீர்கள். அது சுண்ணாம்புக்கல். கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரிந்தாலும் கடினத்தன்மை அளவையில் அதன் கால்சைட் கனிமத்துக்கு எண் 3தான். கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயச் சுரங்க மணலில் இருப்பதோ குவார்ட்ஸ், எண் 7. அது வடிகட்டியைத் தாண்டிப் போனால் சிலிண்டர் சுவரை உப்புத்தாள்போலத் தேய்க்கும். நன்றாகக் 'காற்று விடும்' வடிகட்டி தூசியையும் விடுகிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். செம்மண் சடக்கில் தினமும் ஓடும் காடிக்கு இது விசையைவிட முக்கியம்.

சட்டமும் இருக்கிறது. வாகனத்தில் செய்யும் மாற்றங்களுக்கு 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதற்கு முந்தைய 1959-ஆம் ஆண்டு வாகன அமைப்பு விதிகளும் எல்லை வகுக்கின்றன. நண்பன் மாட்டியிருக்கிறான் என்பது ஆதாரமாகாது. பொருளை வாங்குவதற்கு முன்பே ஜே.பி.ஜே. முகப்பில் கேளுங்கள், காப்புறுதி நிறுவனத்திடமும் கேளுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத காடி என்றால் தொடவே வேண்டாம்.

மறைப்பு போட்ட பிறகு மூன்றாவது அளவு: ஓடும்போது 36, நிற்கும்போது 49. ஒரு நாள் முழுக்க உழைத்து, ஓடும்போது தொழிற்சாலைப் பெட்டியின் அளவைச் சமன் செய்திருந்தோம். நெரிசலில் இன்னும் 5 பாகை பின்தங்கியிருந்தோம். தம்பி தாளை வாங்கி மூன்று வரிசை எண்களையும் நெடுநேரம் பார்த்தான். "அந்தப் பிளாஸ்டிக் பெட்டிய யார்க்கா வரைஞ்சிருப்பாங்க?" என்று கேட்டான். எங்கோ ஒரு பொறியியலாளர், காற்று, சத்தம், தண்ணீர், தூசி எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து யோசித்து வரைந்திருப்பார் என்றேன். புரோட்டோனின் தஞ்சோங் மாலிம் தொழிற்சாலை நம் பேராக்கில்தான் இருக்கிறது, நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் ஈப்போவில்தான் இருக்கிறது என்று மாமா தம் பங்குக்குப் போட்டு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பழைய பெட்டி திரும்ப ஏறியது, புதிய காகித வடிகட்டியோடு. உறுமலைக் கேட்டு அப்பா முகம் சுளித்ததும் ஒரு காரணம்: மின்னல் எஃப்.எம். கேட்கவில்லையாம். கழற்றிய கூம்பு வடிகட்டியைத் தம்பி தன் நண்பனுக்குப் பாதி விலைக்கு விற்றுவிட்டான். அலுமினிய மறைப்பையும் சேர்த்துக் கொடுத்தான். மூன்று வரிசை எண்கள் எழுதிய தாளின் படத்தையும் அனுப்பி வைத்தான். அதைப் பார்த்த பிறகும் அவன் வாங்கிக்கொண்டான்.