மேப்பில் இருக்கு, மலையில் இல்லையே! ஜியோகேஷிங் போனால் ஜிபிஎஸ் ஏன் சொதப்புகிறது?

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் சாலையில், கள்ளக்குறிச்சிக்கு முன்னால் வருகிறது தியாகதுருகம். 18-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் மோதிக்கொண்ட மலைக்கோட்டை ஊர். வீக் எண்டில் ஒரு நண்பர்கள் கேங் ஏறிப் பார்க்கத் தோதான இடம்.

அங்கே ஜியோகேஷிங் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் முதல் நாளே போய் டிபன் பாக்ஸ் ஒன்றைப் பாறையிடுக்கில் ஒளித்து, அந்த இடத்தின் ஆயத்தொலைவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். மற்றவர்கள் தேடிப் போகிறார்கள். ‘வந்துவிட்டீர்கள்’ என்கிறது போன். டப்பாவைக் காணோம். நீலப் புள்ளி பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை தாவுகிறது. ஒளித்தவரைத் திட்டுவதா, போனைத் திட்டுவதா?

இந்த விளையாட்டே ஜிபிஎஸ் துல்லியமானதால்தான் பிறந்தது. பொதுமக்களுக்கான சிக்னலில் சுமார் 100 மீட்டர் வரை பிழை வரும்படி அமெரிக்கா வேண்டுமென்றே குளறுபடி செய்து வைத்திருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தியது. மே 3-ம் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஓரிகான் மாநிலத்துக் காட்டில் ஒரு பக்கெட்டை ஒளித்து, இடத்தை இணையத்தில் சொல்லிவிட்டார்.

ஆனாலும் பிழை பூஜ்ஜியம் ஆகவில்லை. திறந்த வானத்தின் கீழ் ஸ்மார்ட்போன் சுமார் 5 மீட்டர் வரை தவறலாம். ஒளித்தவர் போனில் 5, தேடுபவர் போனில் 5. ஆக, 10 மீட்டர் ஆரமுள்ள வட்டம். கிட்டத்தட்ட ஒன்றரை கிரவுண்ட்! அதில் எத்தனை பாறை, எத்தனை இடுக்கு?

பாறை இன்னொரு வேலையும் செய்யும். சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் பலவீனமான சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி, சற்றுத் தாமதமாகப் போனை அடையும். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தாமதம் என்றாலே 300 மீட்டர் கணக்கு மாறும்.

‘டவர் இல்லை, அதனால ஜிபிஎஸ் வேலை செய்யாது’ என்பார்கள். தப்பு. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. ஆனால் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற தகவலை போன் இணையத்தில்தான் சட்டென்று எடுக்கிறது. இல்லாவிட்டால் இடம் பிடிபடக் கூடுதல் நேரமாகும். மேப்பும் லோடு ஆகாது. கல்வராயன் மலைப் பக்கம் போகிறவர்கள் வீட்டிலேயே ஆஃப்லைன் மேப்பை இறக்கிக்கொள்வது நல்லது.

11.50 டிகிரியை ‘11 டிகிரி 50 நிமிடம்’ என்று படித்துவிட்டால் கதை கந்தல். வித்தியாசம் சுமார் 37 கி.மீ.!

டப்பா கிடைக்காவிட்டால் சிரித்துவிட்டு இறங்கலாம். வழியே தப்பானால் அப்படியில்லை. 2024 ஜனவரியில் மேப்பை நம்பி வந்த சுற்றுலாப் பயணிகளின் கார் கூடலூரில் படிக்கட்டில் இறங்கிச் சிக்கியது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, மேப் காட்டிய வழியில் போனதாகச் சொல்லப்பட்ட கார், வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்திருந்த பாலத்திலிருந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மேப்பில் பாலம் முழுசாக இருந்தது. மலையில் பாதை பற்றிச் சந்தேகம் வந்தால், ஆடு மேய்க்கும் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கோட்டைச் சுவரைத் தோண்டவோ, கல்லைப் பெயர்க்கவோ கூடாது. புதைப்பதை இந்த விளையாட்டின் விதியே தடுக்கிறது. டப்பாவில் தின்பண்டமும் கூடாது. குரங்குக்கு ஜிபிஎஸ் தேவையில்லை.