பைத்தானை புதுசா மாத்த போறீங்களா? பழசை அழிச்சா கம்ப்யூட்டர் படுத்துடும்... உஷார்!

லினக்ஸ் கம்ப்யூட்டரில் பைத்தான் மொழியின் புதிய பதிப்பை ஏற்றும் சிலர், ‘இனி பழசு எதுக்கு?’ என்று அதை அழித்துவிட்டு தலையில் கை வைத்து உட்கார்ந்து விடுகிறார்கள்.

காரணம் இதுதான். உபுண்டு 22.04-ல் பைத்தான் 3.10, உபுண்டு 24.04-ல் பைத்தான் 3.12 கூடவே வருகிறது. இது நாம் புரோகிராம் எழுத மட்டும் அல்ல. அப்டேட் உள்பட சிஸ்டத்தின் பல வேலைகள் இதை நம்பித்தான் ஓடுகின்றன. இதை நீக்கினால் டெஸ்க்டாப்பும் சேர்ந்து போய்விடும்.

அப்படியானால் என்ன செய்வது?

* முதலில் முக்கியமான பைல்களை பேக்கப் எடுங்கள்.

* பழசை தொடாமல் பக்கத்திலேயே புதுசை ஏற்றுங்கள். சோர்ஸ் கோடில் இருந்து ஏற்றுபவர்கள் ‘மேக் இன்ஸ்டால்’ என்று கொடுக்காமல் ‘மேக் ஆல்ட்இன்ஸ்டால்’ என்று கொடுக்க வேண்டும். அப்போது புதுசு ‘பைத்தான்3.13’ என்பது போல தனிப் பெயரில் நிற்கும்.

* ஒவ்வொரு புராஜெக்டுக்கும் ‘வென்வ்’ மூலம் தனி அறை போடுங்கள். தேவையான லைப்ரரிகளை அதற்குள் மறுபடியும் ஏற்றி ஓட்டிப் பாருங்கள்.

சரியாக ஓடினால் புதுசுக்கு மாறலாம். மக்கர் பண்ணினால் அந்த அறையை மட்டும் அழித்தால் போதும். வீடு அப்படியே நிற்கும்!