பத்துக்குப் பத்து அறையும் ஒரு ஹெட்போனும்

2018இல் வந்த ‘காலா’ படத்தில் மும்பை தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழு ராப் பாடியது. அதே தாராவியின் செவன் பண்டைஸ் குழு தமிழ், இந்தி, மராத்தி என்று மொழிகளைக் கலந்து பாடுகிறது. இந்த வழியில் வரும் பிள்ளைகள் பலருக்கு வீடே ஸ்டுடியோ: ஒரு லேப்டாப், ஒரு மைக், ஒரு ஹெட்போன். கையிலிருக்கும் காசு மைக்குக்கே போய்விடும். மிச்சத்தில் கிடைத்ததுதான் ஹெட்போன். அந்த அறையின் இயற்பியலைப் பார்த்தால், ஹெட்போனுக்குத்தான் முதலில் காசு ஒதுக்க வேண்டும் என்பேன்.

பத்துக்குப் பத்தடி அறையில் சுவருக்குச் சுவர் 3 மீட்டர். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அப்படியானால் 57 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 6 மீட்டர். அதில் சரிபாதி அந்த அறைக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். போகும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து நிலையலை ஆகும். சுவரோரம் உட்கார்ந்தால் பேஸ் அதிரும். நடு அறைக்கு வந்தால் காணாமல் போகும். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டு ஜோடிச் சுவர்களும் அதே அதிர்வெண்ணையே தூக்கிவிடும். ஒலிப்பதிவுக்குச் சதுர அறை ஆகாது என்பது இதனால்தான். ராப்பின் உயிர் இருப்பதோ அந்த வட்டாரத்தில்: கிக் டிரம்மும், 1980இல் ரோலண்ட் வெளியிட்ட டிஆர்-808 தந்த ஆழ்ந்த பேஸும். எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வாங்கி வைத்தாலும் இந்த அறையில் அதை நம்ப முடியாது. ஹெட்போன் மாட்டினால் சுவர்களுக்கு வேலையே இல்லை.

ஆனால் எல்லா ஹெட்போனும் இதற்கு உதவாது. பாட்டுக் கேட்பதற்கென்று விற்பவற்றில் பேஸைக் கூட்டி வைப்பது வழக்கம். அதில் குற்றமில்லை. நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதுபோல, பேஸ் சற்று உயர்ந்த ஒலியையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்று ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் செய்த ஆய்வுகள் காட்டின. பல மாடல்கள் அந்த அளவையும் தாண்டுகின்றன. அப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு மிக்ஸ் செய்யும் பையனுக்கு, பாட்டிலேயே பேஸ் அதிகம் என்று தோன்றும், குறைப்பான். அந்தப் பாட்டை வேறு எதில் போட்டாலும் மெலிந்து ஒலிக்கும். இன்னொரு கேடும் உண்டு. தாழ்ந்த ஒலி, தனக்கு மேலுள்ள ஒலிகளைக் காதில் விழாமல் அமுக்கும் தன்மை கொண்டது. தூக்கிவிட்ட பேஸுக்கு அடியில் சொல்லின் மெய்யெழுத்துகள் அமுங்கினால், அது பாடியவன் பிழையா கருவியின் வேலையா என்றே தெரியாது.

வேலைக்கு உதவும் வகைக்கு ஓர் உதாரணம்: சோனியின் எம்டிஆர்-7506 ஹெட்போன் உலகெங்கும் ஸ்டுடியோக்களில் 1991 முதல் புழங்குகிறது. அதன் உயர் ஒலிகள் கொஞ்சம் தூக்கலானவை. கேட்கச் சுகமில்லை என்பவர்கள் உண்டு. வேலைக்கு அதுவே பலம்: ‘ச’, ‘ஸ’ சீறுவதையும், வாய்ச்சத்தத்தையும், வெட்டி ஒட்டிய இடத்தையும் பூதக்கண்ணாடி மாதிரி காட்டிவிடும். காதைச் சுற்றி மூடும் வகை என்பதால், பாடும்போது பீட் வெளியே கசிந்து மைக்குக்குள் நுழைவதும் குறைவு. சுருள் வயர் இழுத்தால் நீளும். மும்பை வியர்வையில் உறை உரிந்தால் பஞ்சை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒட்டி மூடிய பேட்டரி உள்ள வயர்லெஸ் ஹெட்போனில், பேட்டரி செத்தால் பெரும்பாலும் மொத்தமும் குப்பைதான். வயர்லெஸ்ஸில் ஒலி தாமதித்தும் வரும். சாதாரண புளூடூத்தில் அது நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகும். சினிமா பார்க்கையில் படத்தையும் அதற்கேற்ப நிறுத்தி வைத்துச் சமாளிக்கலாம். தன் குரலைத் தானே கேட்டுப் பாடுகிறவன் தாளம் தப்பிவிடுவான்.

வாங்கும்போது ஓம் கணக்கையும் பாருங்கள். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என மூன்று வகையில் வந்திருக்கிறது. 250 ஓம் வகைக்கு அதிக மின்னழுத்தம் தேவை. நேரே போனில் செருகினால் சத்தம் போதாது.

அதற்காக ‘ப்ரோ’ என்று பொறித்ததையெல்லாம் நம்ப வேண்டாம். 2017இல் ஆய்வாளர் ஜெரோன் பிரீபார்ட் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அலசினார். அதிர்வெண்களை அவை எப்படி ஒலிக்கின்றன என்பதற்கும் விலைக்கும் தொடர்பே தெரியவில்லை. மும்பை மாட்டுங்காவில் மாலையில் சாய்ந்து உட்கார்ந்து கச்சேரி கேட்கிறவருக்கு ஸ்டுடியோ ஹெட்போன் அவசியமே இல்லை. அவருக்குக் காதை உறுத்தாததும், காற்றோட்டமாகத் திறந்த கோப்பை கொண்டதும் போதும்.

காதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் பாதுகாப்பாகக் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் 5 மணி நேரம்தான். ராத்திரி முழுக்க மிக்ஸ் செய்கிறவர் ஒரே இரவில் அதைத் தாண்டிவிடுவார். 7506க்கு ஒரு மில்லிவாட் கொடுத்தாலே 106 டெசிபல் வரும். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் கை தானாக வால்யூமைக் கூட்டும். ஆகவே சந்து அடங்கியபின், குரல் தெளிவாகக் கேட்கும் குறைந்தபட்ச அளவை வைத்து, குமிழில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பகலில் எவ்வளவு இரைச்சல் வந்தாலும் அந்தக் குறியைத் தாண்ட வேண்டாம்.