மூடாத அலகு

சம்பா நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களில் காரைக்கால் மாவட்டத்தின் திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் போகிறவர்கள் சாலையின் இருபுறமும் பார்த்துக்கொண்டே போகலாம். சின்னக் கொக்குகளுக்கும் மடையான்களுக்கும் நடுவே, அவற்றைவிட உயரமாக ஒரு பறவை நிற்கும். சாம்பல் படிந்த வெள்ளை உடல், மினுங்கும் கரிய இறக்கை. தலையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே நடக்கும். நிமிரும்போது அலகைக் கவனியுங்கள். இரு நுனிகளும் சேர்ந்திருக்க, நடுவே இடைவெளி விட்டு வெளிச்சம் தெரியும். அதுதான் நத்தைகுத்தி நாரை.

உயரமான நீர்ப்பறவை என்றதும் சாரஸ் கொக்கை நினைப்பவர்கள் உண்டு. ஆளுயரம் நிற்கும் சாரஸ், உத்தரப் பிரதேசத்தின் சதுப்பு நிலங்களில் தரையிலேயே கூடு கட்டும். ராஜஸ்தானின் கீச்சன் கிராமத்துக்குக் குளிர்காலத்தில் வந்திறங்கும் டெமாய்செல் கொக்கும் அதே குடும்பம்தான். அவற்றின் குரல் வெகுதூரம் கேட்கும். நம் நாரை வேறு குடும்பம். மரத்தில்தான் கூடு கட்டும், ஏறக்குறைய ஊமை. ஜோடி கூட்டுக்குத் திரும்பும்போது அலகைத் தட்டி ஓசை எழுப்புவதோடு சரி. பறக்கையில் அடையாளம் காண்பதும் எளிது: வெள்ளைக் கொக்கு கழுத்தை மடித்துப் பறக்கும், நாரை கழுத்தை நேராக நீட்டிப் பறக்கும்.

அந்த இடைவெளி எதற்கு? இந்தக் கேள்வி விஞ்ஞானிகளை நீண்ட காலம் அலைக்கழித்தது. 1960இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி, இருந்த மாதிரிகளையும் பதிவுகளையும் ஆராய்ந்து, பாக்குவெட்டிபோல் நத்தை ஓட்டை இடையில் வைத்து நொறுக்கத்தான் என்று முடிவு கட்டினார். கேட்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பிந்தைய ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. குஞ்சுக்கு இந்த இடைவெளியே கிடையாது, வயது ஏற ஏறத்தான் உருவாகிறது. இடைவெளி இல்லாத இளம் பறவைகளும் நத்தையைத் தின்னத்தான் செய்கின்றன.

வேலை நடப்பது நுனியில். கீழலகின் நுனி பல பறவைகளில் வலப்பக்கம் சற்றே முறுக்கியிருக்கும். அதை நத்தையின் வாய்க்குள் நுழைத்து, ஓட்டை உடைக்காமலே சதையை இழுத்தெடுக்கிறது. சிறு நத்தையென்றால் அப்படியே விழுங்கிவிடும். நடு இடைவெளி இருப்பதால் நுனிகளால் கூடுதல் சாய்வில் அழுத்த முடிகிறது என்பது இன்றைய கருத்துகளில் ஒன்று. இத்தனையும் தண்ணீருக்கடியில், கண்ணால் பார்க்காமலே நடக்கிறது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், கண்ணை மறைத்தாலும் இப்பறவை நத்தையைப் பிடித்துவிடுகிறது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அலகின் தொடு உணர்வுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நத்தைக்குத் தண்ணீர் வேண்டும். காரைக்காலோ காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறக்கும் நீர் அரசலாறு, நாட்டாறு, திருமலைராஜன் ஆறு வழியாக வந்து சேர்ந்தால்தான் வயலும் குளமும் நிறையும், நாரைக்கும் இரை கிடைக்கும். கூடு கட்டும் இடங்களும் இதே நீரை நம்பியவைதான். திருவாரூர் மாவட்டத்து உதயமார்த்தாண்டபுரம் ஏரி இவை பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும் இடம். 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தென்னிந்தியாவில் இனப்பெருக்கம் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை. இரண்டு முதல் நான்கு முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். உச்சி வெயிலில் இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும்.

ஓரிடத்தில் அடங்கிக் கிடக்கும் பறவையும் அல்ல. தாய்லாந்தில் வளையமிடப்பட்ட ஒன்று சுமார் 1,500 கிலோமீட்டர் மேற்கே, வங்கதேசத்தில் கிடைத்தது. அதே தாய்லாந்தில், தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆப்பிள் நத்தை நெல்வயல்களில் பெருகியபோது, இந்த நாரைகளும் பெருகின. நத்தை நாற்றைத் தின்னும், நாரை நத்தையைத் தின்னும். உழவருக்கு இதைவிடச் செலவில்லாத துணை அபூர்வம்.

ஆனாலும் டெல்டாவில் கொக்கு, மடையானோடு நாரையையும் கண்ணி வைத்துப் பிடித்துக் கறிக்கு விற்பது இன்னும் ஓயவில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். சாலையோரம் காலைக் கட்டிப்போட்ட பறவைகள் கண்ணில் பட்டால் வாங்காதீர்கள். அன்றைக்கே வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.